மிசூரி ஆற்றில் மூன்று நாள் கனூ பயணம்: போய் வந்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மிசூரி ஆற்றின் வெள்ளைப் பாறைப் பகுதிக்குக் கனூ (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய படகு) பயணம் போவதாக இருந்தால், வழிகாட்டியோடு போகும் மூன்று நாள் பயணத்தையே எடுங்கள். அரை நாள், ஒரு நாள் என்று மலிவான பயணங்களும் இருக்கின்றன. அவற்றில் பாறைகளைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். ஆனால் அந்தக் கரையில் இரண்டு இரவு படுத்து எழுந்தால்தான், 1805-இல் லூயிஸ், கிளார்க் குழுவில் வந்து இதே தண்ணீரில் இறங்கி நின்றவர்கள் பட்ட பாடு கொஞ்சமாவது புரிகிறது.

நான் சியாட்டிலில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஆறாத கால் புண்களுக்குக் கட்டுப் போடும் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை. மேற்குக் கடலுக்கு வழி தேடி அமெரிக்க அரசு அனுப்பிய லூயிஸ், கிளார்க் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகளின் பயணத்தைப் பற்றி அதிகம் தெரியாமல்தான் இருந்தேன். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் அந்தக் குழுவோடு போன ஷோஷோனி பழங்குடிப் பெண் சகாகவியாவைப் பற்றிப் படித்துவிட்டு வந்து, "அம்மா, அவங்க ரெண்டு மாசக் குழந்தையைத் தூக்கிட்டுப் போனாங்களாம், தெரியுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. ஜூன் முதல் வாரம் கணவர், மகள், நான் என மூன்று பேரும் கிளம்பிவிட்டோம்.

நாங்கள் பதிவு செய்தது ஃபோர்ட் பென்டன் ஊரில் இருக்கும் ஒரு சிறிய நிறுவனம். குறைகளும் சொல்லப்போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். கனூ, துடுப்பு, லைஃப் ஜாக்கெட், கூடாரம், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் அவர்கள் பொறுப்பு. நம் காரை ஊரிலேயே விட்டுவிட்டு அவர்கள் வேனில் ஆற்றுக்குப் போகிறோம், முடிந்ததும் அவர்களே திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். கட்டணம் மலிவு இல்லை. ஒரு வாரம் நல்ல ஓட்டலில் தங்கும் செலவு ஆகிவிட்டது.

ஃபோர்ட் பென்டனிலிருந்து கீழே 149 மைல் தூரம் ஆற்றை அரசு பாதுகாத்து வைத்திருக்கிறது. அதில் கோல் பேங்க்ஸ் இறங்குதுறையிலிருந்து ஜூடித் இறங்குதுறை வரை 47 மைல் எங்கள் பங்கு. முதல் இரவு ஈகிள் கிரீக், இரண்டாம் இரவு ஸ்லாட்டர் ரிவர் முகாம். நடுவில் கடை கிடையாது, செல்போன் சிக்னல் கிடையாது. குடிநீரும் கிடையாது. ஆற்றுத் தண்ணீர் முழுக்க வண்டல், அதை வடிகட்டிக் குடிக்க முயல வேண்டாம். மூன்று நாளுக்கான தண்ணீரையும் கனூவிலேயே ஏற்றிக்கொண்டு போகவேண்டும். எங்கள் நிறுவனம் இதில் குறை வைக்கவில்லை, போதும் போதும் என்கிற அளவுக்குக் கேன்கள் ஏற்றிவிட்டார்கள்.

எங்கள் வழிகாட்டி அறுபது வயதுப் பெண்மணி. பக்கத்துப் பண்ணையிலேயே பிறந்து வளர்ந்தவர். கனூவில் கால் வைப்பதற்கு முன்பே அவர் சொன்ன ஒன்று மூன்று நாளும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது: "நீங்கள் போவது கீழ்நோக்கி. அவர்கள் வந்தது மேல்நோக்கி."

ஆமாம். நமக்கு ஆறு தள்ளிக்கொண்டே போகிறது. துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துவிட்டாலும் கரை நகர்கிறது. அவர்களோ ஆற்றை எதிர்த்து வந்தவர்கள். 1803-இல் பிரான்சிடமிருந்து லூசியானா நிலப்பரப்பு முழுவதையும் அமெரிக்கா விலைக்கு வாங்கியது. மிசூரி ஆற்றைப் பிடித்துக்கொண்டே போனால் மேற்குக் கடலுக்கு வழி கிடைக்குமா என்று பார்த்துவரச் சொல்லி அதிபர் ஜெஃபர்சன் இவர்களை அனுப்பினார். 1804 மே மாதம் செயின்ட் லூயிஸ் அருகிலிருந்து கிளம்பினார்கள். குளிர்காலத்தை இன்றைய வட டகோட்டாவில் மாண்டன், ஹிடாட்சா பழங்குடி மக்களின் ஊர்கள் பக்கத்தில் ஒரு கோட்டை கட்டிக் கழித்தார்கள். 1805 ஏப்ரல் 7-இல் அங்கிருந்து கிளம்பும்போது 33 பேர். மரத்தைக் குடைந்து செய்த ஆறு தோணிகள், இரண்டு பெரிய படகுகள். அந்த 33-இல் சகாகவியாவும், பிப்ரவரி 11-இல் பிறந்த அவள் மகனும் அடக்கம்.

நாங்கள் எதிர்த்திசையில் போனதால் அவர்களுடைய நாட்களும் எங்களுக்குப் பின்னோக்கியே வந்தன. எங்கள் முதல் இரவு முகாம், அவர்கள் மே 31-இல் தங்கிய இடம். இரண்டாம் இரவு முகாம், அவர்களின் மே 29.

முதல் நாள் காற்று எதிரிலேயே அடித்தது. 14 மைல் போக மாலையாகிவிட்டது. ஈகிள் கிரீக்கில் கூடாரம் போட்டதும் எதிர்க்கரையில் கருத்த லபார்ஜ் பாறை. அதைச் சுற்றி வெள்ளை மணற்பாறைச் சுவர்கள், யாரோ கட்டிவிட்டுப் பாதியில் போன மாதிரி. சாயங்கால வெயிலில் அந்த வெள்ளை மஞ்சளாகி, பிறகு ரோஜா நிறமாவதைப் பார்த்துக்கொண்டே சும்மா உட்கார்ந்திருக்கலாம். லூயிஸும் இந்தப் பாறைகளைப் பார்த்து மயங்கித்தான் அன்றைய நாட்குறிப்பில் பக்கம் பக்கமாக எழுதினார். தூண்கள், மாடங்கள், இடிந்த மாளிகைகள் என்று.

அதே நாள் குறிப்பில் அவருடைய ஆட்களின் நிலையும் இருக்கிறது. அதை வழிகாட்டி வாயால் சொல்லவில்லை, செய்ய வைத்தார்.

சாப்பாட்டுக்கு முன் ஒரு கயிற்றை எடுத்துக் கனூவின் முன்பக்கம் கட்டினார். எங்கள் மூன்று பேரையும் தண்ணீரில் இறங்கச் சொன்னார். "மேல்நோக்கி நூறு அடி இழுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடலாம்." கனூவில் பாதிச் சாமான்தான் இருந்தது. தண்ணீர் என் இடுப்பு வரை. பனி உருகி வரும் தண்ணீர், இறங்கிய நிமிடத்தில் முழங்காலுக்குக் கீழே உணர்ச்சியே குறைந்துவிட்டது. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கணவர் முன்னால், நான் நடுவில், மகள் பின்னால். அடியில் சேறு. ஒரு காலை எடுத்து வைத்தால் மற்றது உள்ளே போகிறது. சேறு முடிந்தால் கல், கல்லின் விளிம்பு கூர்மை. கயிறு தோளை அறுக்கிறது, தளர்த்தினால் கனூ உடனே திரும்பப் பார்க்கிறது. நூறு அடி போக எத்தனை நேரம் ஆனது என்று பார்க்கவில்லை. கரை ஏறியபோது மூன்று பேருக்கும் பேச்சு வரவில்லை.

அவர்கள் மே 31-இல் இப்படியே 18 மைல் வந்திருக்கிறார்கள். அக்குள் வரை தண்ணீர். சேறு காலணியைப் பிடித்து இழுத்ததால் மான்தோல் காலணியையே போட முடியவில்லை, வெறுங்காலோடு கூர்கற்கள் மேல் நடந்தார்கள். கயிறுகள் பெரும்பாலும் எல்க் மான் தோலை அறுத்துச் செய்தவை. எப்போதும் நனைந்தே கிடந்ததால் இற்றுப்போயிருந்தன. இருந்த ஒரே சணல் கயிறு பெரிய வெள்ளைப் படகுக்கு. அதுவும் அன்றைக்கு ஒரு பாறை முனையில் அறுந்தது. படகு சுழன்று பாறையில் லேசாகத் தட்டி, கவிழப் பார்த்துத் தப்பியது. நடுப்பகலில் நிறுத்தி ஆளுக்கு ஒரு மடக்குச் சாராயம் கொடுத்தார்கள், ஆட்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள் என்று லூயிஸ் எழுதியிருக்கிறார்.

அன்று இரவு டார்ச் வெளிச்சத்தில் மூன்று பேர் கால்களையும் பார்த்தேன், தொழில் பழக்கம். என் குதிகாலில் ஒரு கீறல். மகளின் கட்டைவிரலுக்கு அடியில் இன்னொன்று, சின்னது, ஆனால் சேறு உள்ளே இறங்கியிருந்தது. சுத்தமான தண்ணீரில் கழுவி, மருந்து வைத்து, உலர்ந்த சாக்ஸ் போட்டுவிட்டேன். ஈரத்தில் ஊறி வெளுத்துச் சுருங்கிய தோலில் ஒரு கீறல் விழுந்தால் அது லேசில் மூடாது, இதை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்கு மறுநாளும் அதே ஆறு, அதே சேறு. உலர்ந்த துணி ஏது? அந்த ஆட்களில் பாதிப் பேரின் பெயர் எனக்கு இப்போதும் தெரியாது. ஆனால் அவர்கள் கால்களை நினைத்துக்கொண்டு அன்று வெகுநேரம் தூங்காமல் கிடந்தேன்.

இந்தக் கயிறு இழுக்கும் பாடம் நிறுவனத்தின் திட்டத்தில் இல்லை, அந்த வழிகாட்டி தானாகச் செய்வது. நீங்கள் எந்த நிறுவனத்தோடு போனாலும் இதைக் கேட்டுப் பாருங்கள். கொடுத்த காசில் பாதி இதற்கே தகும்.

சரி, இப்போது குறை. பதிவு செய்யும்போது "செருப்பு மாதிரி சாண்டல்ஸ் போதும்" என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். போதாது. இரண்டாம் நாள் இரவு ஸ்லாட்டர் ரிவர் முகாமில் மழை பெய்தது. இந்த ஊர் மண் நனைந்தால் அதற்கு உள்ளூரில் கம்போ என்று பெயர். மாவு பிசைந்த மாதிரி ஒட்டும், ஒட்டினால் விடாது. காலையில் கூடாரத்திலிருந்து கனூ வரை முப்பது அடி நடப்பதற்குள் மகளின் இடதுகால் சாண்டல் மண்ணுக்குள் போய்விட்டது. கால் மட்டும் வெளியே வந்தது. நான் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி எடுத்தபோது வார் அறுந்திருந்தது. மீதி நாள் முழுக்க அவள் என் உலர்ந்த சாக்ஸ் இரண்டு ஜோடியை மேலே மேலே போட்டுக்கொண்டு இருந்தாள். லேஸ் வைத்து இறுக்கிக் கட்டும் பழைய ஷூ ஒன்று, உலர்ந்த ஷூ இன்னொன்று கொண்டுபோங்கள். இந்த ஒரு வரியை அவர்கள் எழுதியிருந்தால் போதும்.

இன்னொன்று, தண்ணீர் புகாத பை என்று கொடுத்த நான்கில் ஒன்றின் மடிப்பு வாய் சரியாக மூடவில்லை. கணவரின் தூங்கும் பை நனைந்துவிட்டது. வழிகாட்டி தன்னுடையதைக் கொடுத்துவிட்டு இரண்டு கம்பளியில் படுத்துக்கொண்டார். அவருடைய நல்ல மனசு நிறுவனத்தின் கவனக்குறைவுக்கு ஈடாகாது. திரும்பியதும் சொன்னோம். மன்னிப்புக் கேட்டார்கள், பையை எங்கள் கண்ணெதிரே ஒதுக்கி வைத்தார்கள். அதோடு விட்டுவிட்டோம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாகவேண்டும், நம்மவர்கள் முதலில் கேட்பதே அதுதான். சைவம் என்று முன்பே எழுதியிருந்தோம், மறக்கவில்லை. பீன்ஸ், சோறு, இரும்புச் சட்டியில் சுட்ட ரொட்டி, காலையில் பழத்தோடு ஓட்ஸ். காரம் மட்டும் இல்லை. நான் கொண்டுபோன பருப்புப் பொடி வழிகாட்டிக்கு மிகவும் பிடித்துப்போய், பாதி டப்பாவை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். பயணக் குழுவின் ஆட்கள் எருமைக்கறி கிடைத்த நாட்களில் ஆளுக்கு ஒன்பது பவுண்டு வரை சாப்பிட்டார்களாம். தினமும் அப்படி இழுப்பவர்களுக்கு அதுவும் போதாமல் இருந்திருக்கலாம்.

ஸ்லாட்டர் ரிவர் முகாமில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ பூத்த ஒரு புதரை வழிகாட்டி காட்டினார். சோக்செரி. 1805 ஜூன் 11-இல் லூயிஸுக்குக் கடுமையான வயிற்றுவலியும் காய்ச்சலும் வந்தது. கூடப் போன சிறு குழுவிடம் மருந்துப் பெட்டி இல்லை. இந்தக் குச்சிகளை வெட்டிவரச் சொல்லி, கருப்பாகும் வரை காய்ச்சி, கசப்புக் கஷாயமாக ஒரு பைன்ட் (ஏறக்குறைய அரை லிட்டர்), பிறகு ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு பைன்ட் குடித்தார். இரவுக்குள் வலி விட்டது. மறுநாள் காலையில் நடை தொடங்கிவிட்டார். என் பாட்டி இருந்திருந்தால் இந்த வைத்தியத்தை நின்று கேட்டிருப்பார்.

நடுவில் ஹோல் இன் த வால் என்ற இடத்தில் மேலே ஏறிப் பார்க்கலாம். பாறைச் சுவரில் ஒரு ஓட்டை, அதன் வழியே ஆறு தெரியும். ஏற்றம் செங்குத்து, முழங்கால் வலி இருப்பவர்கள் கீழேயே இருந்துவிடலாம். நான் இருந்துவிட்டேன், வருத்தமில்லை.

எருமைக் கதையைத்தான் மகள் மறுபடி மறுபடி கேட்டாள். மே 28 இரவு, ஜூடித்துக்குக் கொஞ்சம் கீழே முகாம். நள்ளிரவில் ஒரு காட்டெருமைக் காளை ஆற்றை நீந்திக் கடந்து, வெள்ளைப் படகின் மேலேயே ஏறி, கரையில் தூங்குபவர்கள் நடுவே பாய்ந்து ஓடியது. சிலருடைய தலைக்கும் அதன் குளம்புக்கும் 18 அங்குலம்தான் இடைவெளி. தலைவர்கள் கூடாரத்தை நோக்கி வந்தபோது லூயிஸின் நாய் சீமன் அதன் வழியைத் திருப்பியது. படகில் யார்க் வைத்திருந்த துப்பாக்கி மிதிபட்டு வளைந்துபோனது. யார்க் கிளார்க்கின் அடிமை. எல்லாரையும் போலவே அவனும் இழுத்தான், வேட்டையாடினான். திரும்பி வந்தபோது மற்றவர்களுக்குச் சம்பளமும் நிலமும் கிடைத்தன, அவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. வழிகாட்டி இதைச் சொன்னபோது குரலை உயர்த்தவில்லை. ஆனால் சொல்லாமல் விடவும் இல்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

"ஆள் இல்லாத காட்டை இவர்கள் கண்டுபிடித்தார்கள்" என்ற பேச்சையும் அவர் அனுமதிக்கவில்லை. ஹிடாட்சா மக்கள் குளிர்காலம் முழுக்கச் சொல்லிக்கொடுத்த வழியை நம்பித்தான் இவர்கள் இங்கே வரை வந்தார்கள். ஏப்ரலில் கிளம்பிய முதல் சில நாட்களுக்குப் பிறகு, இந்த இடத்தைத் தாண்டும் வரை பழங்குடி மக்கள் யாரையும் நேரில் பார்க்கவில்லை. பார்த்தது தடங்களைத்தான். அதற்குச் சான்று கடைசி நாள் ஜூடித் ஆறு கலக்கும் இடத்தில் கிடைத்தது.

மே 29 காலையில் லூயிஸ் அங்கே கரை ஏறி நடந்தார். சமீபத்தில் காலி செய்த ஒரு பெரிய முகாம். அடுப்புத் தடங்களை எண்ணினார்: 126 கூடாரங்கள். அங்கே கிடந்த காலணிகளை எடுத்துச் சகாகவியாவிடம் காட்டினார்கள். அவள் புரட்டிப் பார்த்துவிட்டு, இவை என் ஷோஷோனி மக்களுடையவை அல்ல, மிசூரிக்கு வடக்கே வாழ்பவர்களுடையவையாக இருக்கலாம் என்றாள். ஒரு காலணியைப் பார்த்து ஆட்களை அடையாளம் சொன்னது அந்தக் கூட்டத்தில் அவள்தான். அந்த ஆற்றுக்குக் கிளார்க் தான் மணக்க விரும்பிய பெண்ணின் நினைவாக ஜூடித் என்று பெயர் வைத்தார். அங்கே வாழ்ந்தவர்கள் என்ன பெயர் சொன்னார்கள் என்று வழிகாட்டியிடம் மகள் கேட்டாள். "வரைபடத்தில் இல்லை, அதுதான் பிரச்சினை" என்றார் அவர்.

அடுத்த வருடம் 1806 ஜூலையில் திரும்பும் வழியில் லூயிஸின் சிறு குழு பிளாக்ஃபீட் பழங்குடி இளைஞர்கள் எட்டுப் பேரோடு ஓர் இரவு ஒன்றாகத் தங்கியது. விடியற்காலையில் துப்பாக்கிக்கும் குதிரைக்கும் சண்டை, இரண்டு இளைஞர்கள் செத்தார்கள். லூயிஸும் கூட இருந்தவர்களும் நிற்காமல் குதிரை ஓட்டி மிசூரிக்கு வந்து சேர்ந்தார்கள். இந்தச் சம்பவத்தை வேனில் திரும்பும்போதுதான் சொன்னார். மகள் எதுவும் கேட்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போகிறவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். கொசு உண்டு, தலைக்குப் போடும் வலை கட்டாயம். பாம்பும் உண்டு, இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். கரையில் மாடுகள் மேயும், அவை கூடாரத்துக்குப் பக்கத்தில் வந்தால் பயப்படவேண்டாம். இரண்டாம் நாள் 21 மைல், அது நீளம். பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அலுத்துவிடும். ஜூடித்திலிருந்து திரும்பும் சரளைச் சாலை மழை பெய்தால் மோசம். எங்கள் ஓட்டுநர் மெதுவாக, பொறுமையாக ஓட்டினார். வேனில் எல்லாருக்கும் குளிர்ந்த எலுமிச்சைச் சாறு வைத்திருந்தார்.

பதிவு செய்யும்போது வழிகாட்டி யார் என்று கேளுங்கள். அந்த வட்டாரத்தில் வளர்ந்தவராக இருந்தால் உடனே சரி சொல்லிவிடுங்கள். நாங்கள் மறுபடி போகிறோம். இந்த முறை ஃபோர்ட் பென்டனிலேயே ஏறி, முழு 149 மைலும். மகளுக்கு லேஸ் வைத்த ஷூ இப்போதே வாங்கியாகிவிட்டது.